ஒரு மூட்டைகூடத் தூக்கவில்லை

மூட்டை முதுகில் இருக்கும்வரை தராசு அண்ணனுக்கு வலி கிடையாது. அதை இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு திரும்பி வரும்போதுதான் வலி. இதை வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்? கிடங்கில் அவரைத் தவிர இருபத்தாறு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் இருபத்தைந்து பேர் சிரித்தார்கள்.

"அண்ணனுக்கு ஓய்வுதான்யா ஒத்துக்காது. ரெண்டு மூட்டையைச் சேர்த்து வைங்க, சரியாப் போயிடும்" என்றார் மேஸ்திரி.

சிரிக்காத ஒருவன் கொக்கி. தராசின் மனைவிக்குத் தம்பி. பதினெட்டு வருஷமாகத் தராசின் முதுகில் மூட்டையை வைப்பது அவன் கைதான். அடுக்கின் அடியில் நின்றபடி அவன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது மாமன் குனிந்த வாக்கில் பலகைமேல் குடுகுடுவென்று ஏறி லாரிக்குள் மறைந்துவிடுவார். வரும்போது பத்தடி வைப்பதற்குள் நின்றுவிடுவார். முழங்காலில் கையை ஊன்றிக்கொள்வார். பிறகு செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி சுவரோரம் உட்காருவார். ஒரு நாளைக்கு முப்பது தடவை சரிசெய்யும்படி அந்தச் செருப்பு வாரில் அப்படியென்ன கோளாறு இருக்கும்?

"கால் ரெண்டும் பஞ்சு மாதிரி ஆயிடுது மாப்ளே. கொஞ்சம் குனிஞ்சு உக்காந்தா உசுரு வருது."

"டாக்டர்கிட்ட போலாம் வா மாமா."

"போயி என்னத்தைச் சொல்ல? மூட்டை இல்லாம நடந்தா வலிக்குதுன்னா? பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவான்."

தராசு என்பது கிடங்கு வைத்த பெயர். மூட்டை முதுகில் அமர்ந்ததும் எடையைச் சொல்லிவிடுவார். "இது ஒண்ணரை கிலோ கொறச்சல்" என்று அவர் சொன்னால், நிறுத்துப் பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்தப் பெருமையில் அவர் நடக்கிற நடையே தனி. கொக்கிக்கு வேலையே கொக்கிதான். சாக்கின் காதில் கொக்கியை மாட்டித் தூக்கிவைப்பவன் என்பதால் அந்தப் பெயர்.

கிடங்குக்கு வெளியே இருப்பவர்களுக்கு இவர்கள் எல்லோருமே மூட்டை தூக்குகிறவர்கள். உள்ளே அந்தப் பேச்சு செல்லாது. தூக்குகிறவன் வேறு, சுமக்கிறவன் வேறு. தரையில் கிடக்கிற மூட்டையை இரண்டு பேர் கொக்கி போட்டு இடுப்புக்குக் கொண்டுவந்து, ஓர் ஆட்டு ஆட்டி, குனிந்து நிற்கிறவன் முதுகில் ஏற்றுவார்கள். அதுவரைக்கும் தூக்கு. அங்கிருந்து லாரிவரைக்கும் சுமை. சுமக்கிறவன் தரையில் கிடக்கும் மூட்டையைத் தொடக்கூட மாட்டான். அவசரத்துக்கு எவனாவது குனிந்து தொட்டுவிட்டால் தூக்குகிறவர்களுக்கு ரோஷம் வந்துவிடும். "எங்க கை என்ன, பூப்பறிக்கவா இருக்கு?" என்பார்கள். வாசல் பதிவேட்டில்கூடப் பெயருக்கு எதிரே தூக்கு, சுமை என்று தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தூக்குகிறவன் "வைக்கவா?" என்று கேட்க வேண்டும். சுமக்கிறவன் "வை" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் எவன் முதுகிலும் மூட்டை இறங்காது.

ஒருநாள் மத்தியானம் பலகையின் நடுவில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கொக்கி எடுத்துப் பார்த்தான். இடது கால் செருப்பு, மாமனுடையது. தராசு லாரிக்குப் போய், மூட்டையை இறக்கி, திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் வெறுங்காலாக இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

"மாமா, உன் செருப்பு."

தராசு செருப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார். வெயிலில் காய்ந்த இரும்புப் பலகை. பாதம் சிவந்து கொப்பளித்திருந்தது. அதையும் அவர் அப்போதுதான் பார்த்தார்.

"யாருகிட்டயும் சொல்லாதே" என்றார்.

கொக்கி அன்று சாயங்காலமே அக்காவிடம் சொல்லிவிட்டான்.

அக்கா கூட்டிக்கொண்டு போன டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். வேகமாகப் பேசுகிறவள். அறைக்கு வெளியே எப்போதும் முப்பது பேர் காத்திருந்தால் வேறு எப்படிப் பேசுவது? ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

"இதுதான் முதுகெலும்புக்குள்ள நரம்பு போற பாதை. இடுப்புக்கிட்ட ரெண்டு எடத்துல இடுங்கிப் போச்சு, பாருங்க. நிமிர்ந்தா இன்னும் இடுங்கி நரம்பை நசுக்கும். குனிஞ்சா கொஞ்சம் வழி விடும்."

தராசின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா மாப்ளே! மூட்டை இருந்தா வலிக்காதுன்னு நான் சொன்னேனா இல்லையா? டாக்டரம்மாவே சொல்றாங்க!"

"மூட்டை வலியை எடுக்கல ஐயா. நீங்க குனிஞ்சதுதான் எடுத்துச்சு. இவ்வளவு வருஷம் சுமந்த மூட்டைதான் இந்த எடத்தை இப்படி ஆக்கியிருக்கு."

அவர் முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டார் என்பது கொக்கிக்குத் தெரிந்தது. மனிதர் மூன்று மாதமாகப் பொய்யன் பட்டம் சுமந்து திரிந்தவர். நம்புவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தவர்.

"ஆபரேஷன் பண்ணா பழையபடி வேலைக்குப் போவாருங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"பண்ணலேன்னா கால் போயிடும். பண்ணா நடப்பார். மொதல்ல நடக்கட்டும், அப்புறம் மத்ததைப் பேசலாம்."

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்து மத்தியானம் முடிந்தது. பின்பக்கத்து எலும்பைக் கொஞ்சம் செதுக்கி எடுத்து நரம்புக்கு வழி விட்டிருப்பதாகச் சொன்னார்கள். அக்காவும் தம்பியும் நடையில் கிடந்த பெஞ்சில் ஆளுக்கொரு ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, தின்னாமல் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் தராசு வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். வெறுங்கையோடு, நிமிர்ந்து, எங்கேயும் உட்காராமல். அங்கே போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொக்கிக்கும் கண் கலங்கியது, பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறாரே என்று கொட்டாவி விடுகிற மாதிரி சமாளித்தான்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்றபடியே சொன்னாள். "எலும்பு எடுத்திருக்கு. அந்த எடம் இனிமே முன்னை மாதிரி தாங்காது. வெயிட் தூக்கக் கூடாது. மூட்டை தூக்கற வேலை இனிமே கெடையவே கெடையாது. ஒரு குடம் தண்ணிகூடத் தூக்காதீங்க. புரியுதா ஐயா?"

"புரியுதும்மா. தூக்கவே மாட்டேன்."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் தராசு மச்சினன் விலாவில் இடித்தார். "கேட்டியா? தூக்கத்தான் கூடாதாம்."

கொக்கி வாய்விட்டுச் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். அன்றைக்கு அது வெறும் தமாஷ்தான்.

அந்தத் தமாஷ் வீட்டில் சக்கைப்போடு போட்டது. மூன்று பேருக்கும் வீடு மாடியில் ஒரே அறை. தெருவிலிருந்து பத்தொன்பது படி, இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவன் திரும்பிப் போக வேண்டிய அகலம். தராசு கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "டீ கிளாஸைக் கையில குடு. டாக்டரம்மா தூக்கக் கூடாதுன்னிருக்காங்க" என்பார். "சோத்தைத் தூக்கி வாயில வைக்கறதும் நான்தானா?" என்று அக்கா நொடித்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. வேலையிருந்த காலத்தில் அவர் வந்ததும் தின்றுவிட்டுச் சுருண்டு விடுவாரே, பேச எங்கே நேரம்?

ஆனால் ஒரு ஆள் எத்தனை நாள் கட்டிலில் கிடந்து சிரிக்க முடியும்? இரண்டு மாதம் ஆனதும் மேஸ்திரி வந்து பார்த்தார். "சாக்கு வாய் தைக்கற எடம் ஒண்ணு காலியா இருக்குண்ணே. உக்காந்த எடத்துல வேலை. ஊசி நூலோட போச்சு" என்றார். தராசு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேஸ்திரி படியிறங்கிப் போனதும், "என்னை ஊசி பிடிக்கச் சொல்றான்" என்றார்.

பத்தாவது வாரம் காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் படி ஏற முடியாது என்று கீழேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். கொக்கி வேலையில் இருந்தான். அடுப்பில் பாதி வெந்த சோறு. அக்காவும் கீழ்வீட்டு அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பார்த்தார்கள், முதல் படிக்குமேல் ஏற்ற முடியவில்லை. தராசு இறங்கி வந்து, படிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

"ஐயோ, நீங்க தூக்கக் கூடாதுங்க!" என்றாள் அக்கா.

"நான் எங்கே தூக்கறேன்? நீங்க ரெண்டு பேரும் தூக்கி வைங்க. நான் சுமக்கத்தானே போறேன்."

வைத்தார்கள். பத்தொன்பது படியையும் மூச்சு வாங்காமல் ஏறினார். வலிக்கவில்லை. அக்கா திட்டினாள்தான், ஆனால் ராத்திரி தம்பிக்குச் சோறு போடும்போது, "பழைய ஆளு திரும்பி வந்துட்டாருடா" என்று ரகசியமாகச் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கொக்கி கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு நாள். காலையிலிருந்தே காற்று இல்லை. மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு லாரிச் சர்க்கரை கிடங்கு முற்றத்தில் இறங்கிக் கிடந்தது. மேலே போட்ட தார்ப்பாயில் ஓட்டை. மழை வருவதற்குள் அத்தனையையும் உள்ளே சேர்க்க வேண்டும். சுமக்கிறவர்களில் இரண்டு பேர் காய்ச்சலென்று வரவில்லை. மேஸ்திரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, மச்சினனுக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தராசு வந்தார். டப்பாவை ஓரமாக வைத்தார். ஒரு காலிச் சாக்கை எடுத்து மடித்துத் தலையிலும் தோளிலும் போட்டுக்கொண்டு, கொக்கிக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"வை மாப்ளே."

"மாமா, வெளையாடாதே. வீட்டுக்குப் போ."

"மழை வருது. சர்க்கரை கரைஞ்சு ஓடட்டுங்கறியா?"

"ஓடினா ஓடட்டும். நம்ம வீட்டுச் சர்க்கரையா? டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"தூக்கக் கூடாதுன்னாங்க. நான் தூக்கறேன்னேனா? தூக்கப்போறது நீ."

"வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதே மாமா. அவங்க சொன்னது எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்."

"அப்ப சுமக்கக் கூடாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? படிச்சவங்களுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? சிலிண்டரைச் சுமந்தேனே, என்ன ஆச்சு? உங்க அக்காவைக் கேளு." குரல் சட்டென்று இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு வைடா. அஞ்சு மாசமாச்சு. முதுகு என்னமோ எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு."

கொக்கி மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார்.

கொக்கிக்குத் தெரியும். டாக்டரம்மா எதைச் சொன்னாள் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஐந்து மாதமாக அவன் யார் யார் முதுகிலோ வைத்துக்கொண்டிருந்தான். ஒருவன் உயரம் சரியில்லை, ஒருவன் வைப்பதற்கு முன்பே அசைந்துவிடுவான், ஒருவன் ஒவ்வொரு மூட்டைக்கும் கெட்ட வார்த்தை சொல்வான். இந்த முதுகு எவ்வளவு குனியும், எந்த இடத்தில் மூட்டையை ஏற்கும் என்பதை அவன் கை கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லும். அவன் கொக்கியை மாட்டினான்.

"வைக்கவா?"

"வை."

மூட்டை உட்கார்ந்தது. தராசு ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு சாக்குக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அம்பதரை. ஈரம் குடிச்சிருக்கு!"

கிடங்கே கைதட்டியது. கொக்கிக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை மறைப்பானேன்? மழை விழுவதற்குள் தராசு பதினான்கு மூட்டை சுமந்தார். கடைசி மூட்டை உள்ளே போகவும் தகரக் கூரையில் படபடவென்று அடிக்கவும் சரியாக இருந்தது. ஈரச் சாக்கு வாடையில் உட்கார்ந்து, ஒரே டப்பாவிலிருந்து இரண்டு பேரும் சோறும் பொரித்த முட்டையும் அள்ளித் தின்றார்கள்.

மறுநாளும் தராசு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். சாப்பாட்டு டப்பா இரண்டாயிற்று. பதிவேட்டில் பழைய இடத்தில் பெயர் ஏறியது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஏழாம் நாள் பலகையில் ஒரு சத்தம் கேட்டது. வலது கால் வைக்கிற சத்தம் எப்போதும் போல. இடது பாதம் மட்டும் 'டப்' என்று தட்டையாக விழுந்தது. கொக்கி தூக்கிய மூட்டையைப் பிடித்தபடியே காது கொடுத்தான். டப். மறுபடி டப். மாமன் திரும்பி வந்து குனிந்தார்.

"கால் எப்படி இருக்கு மாமா?"

"காலுக்கென்ன? வை."

வைத்தான். எட்டாம் நாளும் அந்தச் சத்தம் கேட்டது. ஒன்பதாம் நாள் கேட்காமல் இருப்பதற்காக அவன் பக்கத்து ஆளிடம் உரக்கப் பேசிக்கொண்டே வேலை செய்தான்.

பத்தாம் நாள் காலையில் தராசு கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. பாய் நனைந்திருந்தது. "தண்ணிச் செம்பு கவுந்திருக்கு பாரு" என்றார் மனைவியிடம். செம்பு அலமாரியில் இருந்தது. அவள் அவர் துணியைத் தொட்டுப் பார்த்தாள். அவருக்குத் தெரியாமலேயே சிறுநீர் போயிருந்தது. இடுப்புக்குக் கீழே அவள் கிள்ளினாள், அடித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். ஒரு எலும்பு இன்னொன்றின் மேலிருந்து முன்னால் நழுவியிருந்தது. படிக்காதவனுக்கும் தெரிகிற மாதிரி நழுவியிருந்தது.

"மூட்டை தூக்கினீங்களா?"

"ஒரு மூட்டைகூடத் தூக்கலம்மா" என்றார் தராசு ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி. "சத்தியமா. ஒரு குடம்கூடத் தூக்கல. வேணும்னா இவளைக் கேளுங்க."

"தூக்காம இப்படி ஆகாது ஐயா. எங்கிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"பொய்யில்லைங்கம்மா." தராசின் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுபடியும் பொய்யன் பட்டம். "நான் தூக்கவே இல்லை."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். கொக்கி சுவரோரமிருந்து முன்னால் வந்தான்.

"அவர் தூக்கலைங்க. நான்தான் தூக்கினேன். அவர் சுமந்தாரு."

"என்ன சொல்றீங்க?"

"எங்க கிடங்குல தூக்கறது வேற, சுமக்கறது வேறங்க. தரையிலருந்து எடுத்து வச்சது நானு. நீங்க தூக்கக் கூடாதுன்னீங்க. அவர் தூக்கல."

டாக்டரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தாள். கோபப்படுவாள் என்று கொக்கி எதிர்பார்த்தான். அவள் சின்னக் குரலில்தான் பேசினாள்.

"நான் எல்லாத்தையும் சேர்த்துத்தானே சொன்னேன்."

"தெரியுங்க" என்றான் கொக்கி.

அக்கா தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையோடு சரி. அதற்கப்புறம் அவனிடம் அவள் பேசவில்லை.

அன்றைக்கே மறுபடி அறுத்தார்கள். எலும்பை ஸ்க்ரூ போட்டு நிறுத்தினார்கள். எலும்பு நின்றது, நரம்பு வரவில்லை. "சில சமயம் தாமதமா வரும், பார்ப்போம்" என்றாள் டாக்டரம்மா. அவள் அதைச் சொன்னபோது கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. இடது கால் முழுக்கப் போய், வலது காலில் பாதி மிஞ்சியது. சிறுநீருக்கு ஒரு குழாயும் பையும். தராசு கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். இப்போது அந்த வீட்டில் டீ கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு யாரும் சிரிப்பதில்லை.

அக்கா தம்பிக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. கொக்கிக்கு அது சரியென்றே பட்டது. சிலிண்டரைத் தூக்கிவைத்த கை யாருடையது என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் அதைக் கேட்டுக் கேட்டுத் தன்னையே தின்றுகொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போக வேண்டிய நாள் வந்தது. வண்டி தெருவில் நின்றது. அந்தப் படியில் நாற்காலி இறங்காது, ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கொக்கி கட்டிலுக்கு முன்னால் போய், முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். நாற்பத்திரண்டு வயதுவரை அவன் முதுகில் எதுவும் ஏறியதில்லை. எவ்வளவு குனிய வேண்டும் என்பதே பிடிபடவில்லை.

அக்கா புருஷனின் அக்குளில் கை கொடுத்தாள். தூக்கிக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்தாள். மூச்சு வாங்கியது. பிறகு, எழுபது நாளுக்குப் பிறகு, அவள் குரல் கேட்டது.

"வைக்கவா?"

கொக்கி பதிலுக்குச் சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான். ஆயிரக்கணக்கான தடவை கேட்ட சொல், ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"வைக்கவாடா?"

"வை."

மாமன் அவன் முதுகில் வந்து உட்கார்ந்தார். கைகள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. அக்கா சிறுநீர்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். குழாயின் நீளம்தான் அவர்களுக்கு இடையே தூரம். கொக்கி முதல் படியில் காலை வைத்தான்.

"எவ்வளவு இருப்பேன் மாப்ளே?"

"தெரியல மாமா."

"அம்பது இருப்பேனா?"

"நான் என்ன தராசா?"

ஏழாவது படியில் இடுப்பில் சுளீரென்று பிடித்தது. எட்டாவதில் கால் நடுங்கியது. கொக்கி நின்று, சுவரில் கையை ஊன்றி, முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தப் பார்த்தான். காதோரம் மாமனின் மூச்சு சுட்டது.

"நிமிராதே மாப்ளே" என்றார் அவர், தொழில் சொல்லிக் கொடுக்கிற நிதானத்தில். "குனிஞ்சே போ. குனிஞ்சிருந்தா வலி தெரியாது."

மீதிப் பதினோரு படியையும் கொக்கி குனிந்தே இறங்கினான்.